முடிவைச் சொல்லிவிடாதீர்கள், இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் சிங்கப்பூர்த் திரையரங்குகளில் வெளியான ஒரு தமிழ் மர்மப் படத்தை இரண்டு முறை பார்த்தேன். அதன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. அதுவரை நாம் நம்பிவந்த கதை முழுவதும் கடைசிப் பத்து நிமிடங்களில் தலைகீழாகிவிடும் படம் அது. இதைச் சொல்லிவிட்டுப் பெயரையும் சொன்னால், இனிமேல் பார்க்கப்போகிறவருக்குப் பாதியைக் கெடுத்தவள் நானாகவே இருப்பேன்.

முதல் முறை பார்த்தது வெளியான நாளன்று இரவுக் காட்சி. அரங்கம் ஏறக்குறைய நிறைந்திருந்தது. எனக்கு முன்வரிசையில் இரண்டு தமிழ் மாணவிகள் தங்கள் சீனத் தோழி ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் தம் மகளுடன் அமர்ந்திருந்தார். பின்னால் வேலை முடிந்து நேராக வந்திருந்த ஊழியர்கள் சிலர். முதல் ஒரு மணி நேரம் வழக்கம்போலக் கொறிக்கும் சத்தமும் கிசுகிசுப்பும் இருந்தன. பிறகு அவை ஒவ்வொன்றாக அடங்கின. கடைசிக் கட்டம் தொடங்கியபோது, அத்தனை பேர் கூடியிருந்த இடத்தில் குளிரூட்டியின் ஓசை மட்டுமே கேட்டது. உண்மை வெளிப்பட்ட நொடியில் பக்கத்துப் பெரியவர் "ஐயையோ" என்று வாய்விட்டுச் சொன்னார். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லாருமே மனத்துக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். விளக்குகள் எரிந்த பிறகும் பலர் எழுந்திருக்கவில்லை. ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள் திரும்பிப் பார்த்து, "முதலிலேயே காட்டினார்களே, கவனித்தீர்களா?" என்று கேட்டுக்கொண்டார்கள். எதைக் காட்டினார்கள் என்பதை நான் எழுதமாட்டேன்.

இரண்டாம் முறை என் அக்காவுடன் சென்றேன். அவர் தாதியாகப் பணிபுரிகிறார். அந்த வாரம் முழுவதும் இரவுப் பணி என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு நேரம் கிடைத்தது. சிறுவயதில் நாங்கள் இருவரும் துப்பறியும் நாவல்களை மாற்றி மாற்றிப் படித்து வளர்ந்தவர்கள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவல் ஒன்றில் யாரோ ஒரு வாசகர் பன்னிரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் கொலையாளியின் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்திருந்ததைக் கண்டு அக்கா அழுதது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவ்வளவு ஆசையுடன் காத்திருந்தவருக்குச் சனிக்கிழமை காலையில், பணி முடிந்து எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது, எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு வந்த உறவினர் ஒருவர், குற்றவாளியாக நடித்தவர் யார் என்பதைக் குறிப்பிட்டு, "என்ன நடிப்பு!" என்று பாராட்டியிருந்தார். கெடுக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வரியோடு அக்காவுக்கு அந்தப் படம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, வெள்ளியன்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்த அதே காட்சியை அவர் அமைதியாக, நடிப்பை மட்டும் மதிப்பிடுகிறவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி இருந்தவர்கள் திடுக்கிட்டபோது அவர் மட்டும் திடுக்கிடவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதவேண்டும் என்று தோன்றியது.

"முடிவு தெரிந்தால் பார்க்க முடியாத படம் நல்ல படமே இல்லை" என்று சிலர் வாதிடுகிறார்கள். அமெரிக்காவின் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வையும் அவர்கள் துணைக்கு அழைக்கிறார்கள். 12 சிறுகதைகளைக் கொடுத்துப் படிக்கச் செய்தபோது, முடிவை முன்பே அறிந்து படித்தவர்கள் அறியாமல் படித்தவர்களைவிடக் கதைகளைச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள் என்பது அந்த ஆய்வின் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை தனியே அமர்ந்து சில பக்கங்களில் படித்து முடிக்கும் கதைகள். இருட்டில் முன்பின் தெரியாத பலருடன் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, எல்லாருமாகச் சேர்ந்து ஏமாந்து, சேர்ந்து திடுக்கிடும் அனுபவத்தை அதைக் கொண்டு அளக்க முடியாது. இரண்டாம் முறை பார்ப்பதிலும் மகிழ்ச்சி உண்டு என்பதை நானே உணர்ந்தேன். இயக்குநர் எந்தெந்த இடத்தில் நம் கண்ணெதிரிலேயே உண்மையை வைத்துவிட்டு நம் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார் என்பதைக் கண்டுபிடிப்பது தனிச் சுவை. அது முதல் முறை ஏமாந்தவருக்கு மட்டும் கிடைக்கும் சுவை. அக்காவுக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

முடிவைக் காப்பாற்றுவது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. 1960இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் தம் 'சைக்கோ' படத்துக்கு, காட்சி தொடங்கிய பிறகு எவரையும் உள்ளே விடக்கூடாது என்று திரையரங்குகளுக்கு நிபந்தனை விதித்தார். முடிவை வெளியில் சொல்லவேண்டாம் என்று விளம்பரங்களிலும் கேட்டுக்கொண்டார். லண்டனில் 1952 முதல் நடந்துவரும் அகதா கிறிஸ்டியின் 'எலிப்பொறி' நாடகத்தில், நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்வந்து, குற்றவாளி யார் என்பதை மனத்திலேயே வைத்துக்கொள்ளுமாறு பார்வையாளர்களிடம் வேண்டுவது மரபு. தலைமுறை தலைமுறையாக மக்கள் அந்த வேண்டுகோளை மதித்து வந்திருக்கிறார்கள். நம் மொழியிலோ, 1954இலேயே ஏவிஎம் தயாரிப்பில், வீணைக் கலைஞருமான எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 'அந்த நாள்' வந்துவிட்டது. ஒரு கொலையைப் பலருடைய பார்வையில் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தப் படத்தில் ஒரு பாடல்கூட இல்லை. வெளியான காலத்தில் அது வசூலில் வெற்றி பெறவில்லை. இன்று தமிழின் சிறந்த படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. எழுபது ஆண்டுகள் கடந்தும், அதைப் பார்க்காத இளையர் ஒருவரிடம் அதன் முடிவைச் சொல்ல எனக்கு மனம் வராது.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இந்தக் கடமை சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. நம் கடிகாரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. சென்னையில் காலை 9 மணிக் காட்சி தொடங்கும்போது இங்கே 11.30 மணி, அதற்கு முன்பே இங்கு முதல் காட்சி தொடங்கிவிட்டால், தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு முன்னதாக அந்த மர்மம் நம் கைக்கு வந்துவிடுகிறது. ஊரில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ நாம் அனுப்பும் ஒரு வரி, அவர் அரங்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நம் சமூகமும் சிறியது. குடும்பக் குழு, பள்ளித் தோழர் குழு, கோயில் தொண்டூழியர் குழு என்று பெரும்பாலும் அதே ஆட்கள் எல்லாக் குழுக்களிலும் இருக்கிறோம். ஓர் இடத்தில் சொன்னது மாலைக்குள் எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. தமிழர் அதிகம் கூடும் தேக்காவில் காப்பிக்கடை மேசையில் உரக்கப் பேசினால் பக்கத்து மேசைக்காரருக்கும் தமிழ் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதைப்பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இங்கே தமிழ்ப் படங்கள் ஆங்கிலத் துணையுரையுடன் திரையிடப்படுகின்றன. பிற இனத்து நண்பர்களும் நம் படங்களைப் பார்க்க அது வழி செய்கிறது என்பதால் அதை நான் பெரிதும் வரவேற்கிறேன். ஆனால் தமிழில் முக்கியமான சொல்லைக் கடைசியில் வைத்துப் பேசுவது நமக்கு இயல்பு. "அன்றைக்கு ராத்திரி அந்தக் கதவைத் திறந்தது வேறு யாருமில்லை..." என்று ஒரு பாத்திரம் சொல்லி நிறுத்தும்போது, பெயர் இன்னும் அவர் வாயிலிருந்து வரவில்லை, கேட்கும் நம் நெஞ்சு அந்தப் பெயருக்காகத் துடிக்கிறது. ஆங்கிலத் துணையுரையோ முழு வாக்கியத்தையும் பெயரோடு சேர்த்து ஒரே நேரத்தில் திரையில் போட்டுவிடுகிறது. நான் பார்த்த இரண்டு காட்சிகளிலும் இதைக் கவனித்தேன்: அரங்கத்தில் அதிர்ச்சி இரண்டு அலைகளாக வந்தது. முதலில் எழுத்தைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். நடிகர் சொல்லக் கேட்டவர்கள் இரண்டு நொடி கழித்துத் திடுக்கிட்டார்கள். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளும் பழக்கத்தால் கீழே ஓடும் எழுத்தைப் படித்துவிடுகிறார்கள். நடிகர் அந்த மௌனத்துக்காக எடுத்துக்கொண்ட உழைப்பு முழுவதும் அவர்களுக்கு வீணாகிவிடுகிறது. துணையுரை தயாரிப்பவர்கள் அப்படிப்பட்ட வரியை மட்டும் இரண்டாகப் பிரித்து, பெயரை நடிகர் உச்சரிக்கும் நொடியில் காட்டினால் போதும். படத்தை இங்கே கொண்டுவரும் விநியோகஸ்தர்கள் இந்த வேண்டுகோளைத் தயாரிப்பாளர்களிடம் எடுத்துச் சொல்லவேண்டும்.

அரங்கத்துக்குள் நடந்துகொள்ளும் முறை பற்றியும் ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமைக் காட்சியில் எங்களுக்குப் பின்னால் இருந்த இளைஞர் ஏற்கெனவே படத்தைப் பார்த்தவர். தம் நண்பர்களிடம் "இவனை நல்லாப் பாத்துக்கோ" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டே இருந்தார். பெயரைச் சொல்லவில்லை என்பதால் தவறில்லை என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்ட அத்தனை பேரும் அதற்குப் பிறகு அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். யூகித்துவிட்டேன் என்று பெருமைப்படுவதில் எனக்கு மறுப்பில்லை. பார்வையாளரும் இயக்குநரும் ஆடும் ஆட்டமே அதுதான். அந்த யூகம் மனத்துக்குள் இருக்கட்டும். காட்சி முடிந்து வெளியே வரும் வழியிலும், அடுத்த காட்சிக்காக நுழைவுச்சீட்டுடன் நிற்பவர்களைத் தாண்டிச் செல்லும்வரை பொறுத்திருக்கலாம். பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்த்தவர்கள் கூடிப் பேசுவதுதான் இத்தகைய படத்தின் மீதிப் பாதி. எனக்கும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பார்த்துவிட்ட தோழியை அழைத்து நள்ளிரவு தாண்டிப் பேசிக்கொண்டிருந்தேன். பேசுவதற்கு முன் "பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டால் யாருக்கும் இழப்பில்லை.

கடைசியாக, உங்கள் நாளிதழில் திரை விமர்சனம் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவர்கள் பொதுவாகக் கவனத்துடன்தான் எழுதுகிறார்கள். குற்றவாளி யார் என்று எழுதியதை நான் படித்ததில்லை. ஆயினும், "கடைசியில் யாரும் எதிர்பாராத திருப்பம் காத்திருக்கிறது" என்ற வரியைத் தவிர்க்க முடியுமானால் நன்று. திருப்பம் உண்டு என்று தெரிந்துவிட்டாலே பார்வையாளர் கதையில் ஆழாமல், சந்தேகப்படுவதற்கு ஆள் தேடத் தொடங்கிவிடுகிறார். அதற்கு மாறாக, இயக்குநர் நம்மை நேர்மையாக ஏமாற்றினாரா, அதாவது தடயங்களை முன்பே நம் பார்வையில் வைத்திருந்தாரா, அல்லது கடைசி நேரத்தில் புதிதாக ஒன்றைப் புகுத்தினாரா என்பதை விமர்சகர் எடைபோட்டு, விவரத்தைத் தொடாமல் சொன்னால் வாசகருக்குப் பெரும் உதவி. சில வாரங்கள் கழித்து, பார்த்தவர்களுக்கென்று தலைப்பிலேயே தெளிவாக அறிவித்துவிட்டு, முடிவை அலசும் கட்டுரை ஒன்றையும் வெளியிடலாம். நானும் அக்காவும் அதை விரும்பிப் படிப்போம்.

எங்கள் அம்மா இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. கண் சிகிச்சை முடிந்து இப்போதுதான் தேறி வந்திருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு மூன்று நுழைவுச்சீட்டுகள் வாங்கிவிட்டோம். படம் எப்படி என்று அம்மா தினமும் கேட்கிறார். அக்கா ஒவ்வொரு முறையும் "நீங்களே வந்து பாருங்கள், அம்மா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாசகி ஒருவர்