கோப்பு மூடிய பிறகு வரும் கேள்விகள்: மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தத்துப் போன குழந்தையின் வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் போய்ப் பார்க்க வேண்டும், இரண்டு ஆண்டுகள் இப்படிப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்கிறது விதி. நல்ல விதிதான். பிள்ளை சாப்பிடுகிறதா, எடை ஏறியிருக்கிறதா, புது வீட்டில் ஒட்டிக்கொண்டதா என்பதெல்லாம் அந்த அறிக்கையில் வரும். இரண்டு ஆண்டு முடிந்ததும் கோப்பு மூடப்படும். கைக்குழந்தையாகப் போன பிள்ளைக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகியிருக்காது. "என்னை ஏன் கொடுத்தாங்க?" என்று கேட்க அதற்கு இன்னும் பேச்சே சரியாக வந்திருக்காது. அந்தக் கேள்வி ஏழு வயதில் வரும். பதினைந்தில் வேறு விதமாக வரும். வரன் பார்க்கும்போது, முதல் பிள்ளையைப் பெறும்போது, வளர்த்த அப்பாவைச் சுடுகாட்டுக்கு அனுப்பும்போது மறுபடி மறுபடி வரும். அப்போது யாரிடம் போவது? இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நானும் தத்து வந்தவள். தமிழ்நாடு அரசு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் சிசுவைக் கொல்ல வேண்டாம், வளர்க்க முடியாவிட்டால் அரசுத் தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அப்படி ஒரு தொட்டிலில் விடப்பட்டேன். தில்லியில் மத்திய அரசு வேலையில் இருந்த ஒரு தமிழ்த் தம்பதி என்னை எடுத்து வளர்த்தார்கள். உங்கள் ஆணையம் பல ஆண்டுகளாக இயங்கிவரும் ஆர்.கே.புரத்தில்தான், அரசுக் குடியிருப்பில், தமிழ்ச் சங்கத்துக்கும் மலை மந்திர் முருகன் கோயிலுக்கும் நடுவே வளர்ந்தேன்.

அன்பாகத்தான் வளர்த்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. தத்து வந்த ஒருவர் தன் வருத்தத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே, வளர்த்தவர்கள் சரியில்லை போலும் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. வருத்தமும் இருந்தது.

மலை மந்திரில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் பேர் கேட்பார்கள், அடுத்து நட்சத்திரம் கேட்பார்கள். தொட்டிலில் கிடைத்த குழந்தையின் பிறந்த தேதி மருத்துவர் பார்த்து உத்தேசமாகக் குறித்த தேதி. அதை வைத்து நட்சத்திரம் சொல்ல முடியாது. அம்மா தயங்காமல் "ரோகிணி" என்பாள். நான் அவள் கைக்கு வந்த நாளின் நட்சத்திரம் அது. சின்ன வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. இருபத்தைந்து வயதில், ஜாதகம் இல்லாத பெண் என்று மூன்று குடும்பங்கள் கைவிட்டுப் போனபோது அதே ரோகிணி தொண்டையில் அடைத்தது. பிறகு நல்ல மனிதர் ஒருவர் கணவராக வந்தார். கர்ப்பமானபோது மகப்பேறு மருத்துவர் கேட்டார்: அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது பிறவி நோய் உண்டா? தெரியாது, தெரியாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மகள் பிறந்தாள். அவளுடைய காது மடல் என்னுடையதைப் போலவே இருந்தது. எனக்குத் தெரிந்து என் ரத்தத்தில் நான் பார்த்த முதல் முகம் அவளுடையது. சந்தோஷத்தில்தான் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு ஒரு பேச்சு உண்டு: "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்." ஒரு கோடை விடுமுறையில் பெரியம்மா தன் மகனிடம் இதைச் சொன்னாள். அவன் அழுதான். "சும்மா சொன்னேன்டா, நீ என் வயித்துல பொறந்தவன்டா" என்று அள்ளிக்கொண்டாள். அடுத்த நொடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாருக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. தத்துக்கு முன் தம்பதியை உட்கார வைத்துப் பேசுகிறீர்கள், வீட்டைப் பார்க்கிறீர்கள், சம்பளச் சான்று வாங்குகிறீர்கள். தாத்தா, பாட்டி, பெரியம்மா, சித்தப்பாவிடமும் யாராவது ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளை வளர்வது அவர்கள் பேச்சுக்கு நடுவில்தான்.

மயூர் விஹாரில் எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு, அப்பாவின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மாலையில்தான் தான் தத்துப் பிள்ளை என்று தெரிந்தது. வீட்டுப் பங்கைப் பற்றிப் பேச்சு முற்றி, சித்தப்பா வாய்விட்டார்: "நீ என்ன ரத்த வாரிசா?" சட்டம் அந்த மகன் பக்கம்தான் இருந்தது, தத்துப் பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் அத்தனை உரிமையும் உண்டு. ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர் அன்றைக்குச் சொத்தைப் பற்றியா யோசித்திருப்பார்? கேட்பதற்கு அப்பாவும் இல்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். சிறு வயதிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள் என்று தத்தெடுக்க வருகிறவர்களிடம் அறிவுரையாகச் சொன்னால் மட்டும் போதாது. எப்படிச் சொல்வது, எந்த வயதில் எவ்வளவு சொல்வது என்று அவர்களோடு பல ஆண்டுகள் கூட நடக்க ஓர் ஆள் வேண்டும்.

என் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பத்து வருடம் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்விக்குத் தலைகுனிந்தவள். வளைகாப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்தவள். ராமேஸ்வரம் போனாள், அரச மரம் சுற்றினாள், சிகிச்சையும் எடுத்தாள். நான் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரே தீர்மானித்தது. வராமல் போன பிள்ளைகளுக்காக அவள் அழுதிருக்க வேண்டிய அழுகையை யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது வயதில் என் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. காலையில் பீரோவைத் திறந்து கோப்பை எடுத்துக் கையில் கொடுத்தாள். "பாரு. எங்க போகணுமோ போ. எங்கிட்ட சொல்லிட்டுப் போ." அந்த ஓர் இரவில் அவள் பட்ட பயத்தைப் பேச அவளுக்கு ஓர் எண் இருந்திருக்கலாம். என்னிடம் பேச முடியாது. உறவில் பேசினால் "அப்பவே சொன்னோமே" என்பார்கள்.

அந்தக் கோப்பில் இருந்தது ஒரே ஒரு தாள். எடை 2.1 கிலோ. வலது தோளில் மச்சம். பச்சைச் சேலைத் துணியில் சுற்றப்பட்டிருந்தது. அவ்வளவுதான்.

என்னைப் பெற்றவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தத் துணி மட்டுமே. ஆனால் இந்த மடலில் முக்கியமாக அவளுக்காகத்தான் பேச விரும்புகிறேன், ஏனென்றால் அவள் இதை எழுதப் போவதில்லை. இன்றைய சட்டப்படி குழந்தையை ஒப்படைக்க வரும் தாய் குழந்தைகள் நலக் குழுவின் முன் கையெழுத்திடுகிறாள். மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு? பிள்ளை இல்லாத மார்பில் பால் கட்டும். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. செத்த பிள்ளைக்கென்றால் அழலாம், நாலு பேர் வந்து உட்காருவார்கள். உயிரோடு எங்கோ வளரும் பிள்ளைக்கு யார் துக்கம் விசாரிக்க வருவார்கள்? ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே சுமக்கிற இழப்பைப் பற்றி அமெரிக்க அறிஞர் போலின் பாஸ் நிறைய எழுதியிருக்கிறார். முடிவு தெரியாததால் அந்தத் துக்கத்துக்கு ஆறும் வழியும் இல்லாமல் போகிறது என்பது அவர் கருத்து. தொட்டிலில் விட்டுப் போனவர்கள் கையெழுத்துக்கூடப் போடாதவர்கள். என் உண்மையான பிறந்த நாள் இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வருடத்தில் அந்த ஒரு நாளை அவள் எப்படிக் கழிக்கிறாள் என்று நான் நினைக்காத வருடம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் மணமாகாத தாய்மாரிடமிருந்து பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி வாங்கித் தத்துக் கொடுத்ததற்காக 2013 மார்ச் 21 அன்று பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் அந்தத் தாய்மாரில் பலர் கிழவிகளாகிவிட்டிருந்தார்கள். நம் நாட்டில் வறுமையாலும், பெண் பிள்ளை என்பதாலும், கல்யாணமாகாத பெண் என்ற வசையாலும் பிள்ளையை விட்டவர்கள் எவ்வளவு பேர்! அவர்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லவில்லை. பெயர் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டவர்களின் ரகசியம் காக்கப்பட வேண்டும். 2022-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன, அது நியாயம். ஆனால் இருபது வயதில் பயந்து "யாருக்கும் சொல்லாதீங்க" என்றவள், நாற்பத்தைந்து வயதில் "என் மகள் தேடி வந்தால் என் முகவரியைக் கொடுங்கள்" என்று சொல்ல நினைக்கலாம். அவள் வந்து அதைச் சொல்வதற்கு, அவள் மொழியில், அவள் மாவட்டத்திலேயே ஓர் இடம் வேண்டும். நேரில் பார்க்க விருப்பம் இல்லாவிட்டாலும் ஒரு கடிதம் எழுதி வைக்கலாம். "எங்கள் குடும்பத்தில் இருதய நோய் உண்டு" என்று ஒரு வரி எழுதி வைத்தால்கூட என்னைப் போன்ற ஒருத்திக்கு அது போதும். இங்கிலாந்தில் 1991 முதல் இப்படி ஒரு பதிவேடு இருக்கிறது. தத்துப் போனவரும் பெற்றவரும் அவரவர் விருப்பத்தைப் பதிந்து வைக்கிறார்கள். இரு பக்கமும் பொருந்தினால் தகவல் சேர்கிறது. இங்கே அது ஏன் முடியாது?

வேர் தேடுவதற்கு உங்கள் விதிகளில் வழி இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியவர் தானே விண்ணப்பிக்கலாம். பெற்றவர் மறுத்தாலோ, கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தார்கள் என்பதையாவது சொல்ல வேண்டும். எழுத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் பதிவேடே இல்லாவிட்டால் எதைச் சொல்வது? நான் தேடிப் போனபோது, என்னைத் தத்துக் கொடுத்த இல்லம் மூடப்பட்டிருந்தது. பழைய நோட்டுகள் எங்கே போயின என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. ஹேக் ஒப்பந்தத்தின் 30-ஆவது பிரிவு, குழந்தையின் பூர்வீகத் தகவலையும் மருத்துவ விவரத்தையும் அரசு பாதுகாத்து வைக்க வேண்டும் என்கிறது. இந்தியா அதை 2003-இல் ஏற்றது. அது வெளிநாட்டுத் தத்துக்கான ஒப்பந்தம். சேலத்திலிருந்து ஸ்வீடனுக்குப் போன குழந்தையின் தாளுக்கு உள்ள மதிப்பு, சேலத்திலிருந்து தில்லிக்கு வந்த குழந்தையின் தாளுக்கும் வேண்டும். தென் கொரியாவில் வெளிநாட்டுத் தத்துகளில் பூர்வீகத்தையே மாற்றி எழுதிய ஆவணங்கள் இருந்ததை அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025-இல் வெளியே கொண்டுவந்தது. தாள் பொய்யானாலும் தொலைந்துபோனாலும் தேடி வருகிறவருக்கு நேர்வது ஒன்றுதான். தொண்ணூறுகளின் தொட்டில் குழந்தைகள் இப்போது முப்பதைத் தாண்டிவிட்டோம். அந்தக் காலத்து ஆயாக்களும் செவிலியரும் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடம் போனால் கேட்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் மேற்கு தில்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் தமிழ்நாட்டு இல்லம் ஒன்றிலிருந்து ஐந்து வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தது. தமிழ் தெரிந்த யாராவது வேண்டும் என்று அவர்கள் தேட, யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தை ராத்திரியில் எழுந்து அழுகிறாள், என்ன கேட்கிறாள் என்றே புரியவில்லை என்றார் அந்தத் தாய். அவர் குரலும் உடைந்திருந்தது. போனேன். "அக்கா எங்க? அக்காகிட்ட படுத்துக்கணும்" என்றாள் குழந்தை. இல்லத்தில் அவளைத் தினமும் தூங்க வைத்த ஒரு பெரிய பெண் அது. இந்தக் குழந்தை ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவள். தத்தின் பெயரால் மொழியையும், சாம்பார் சாதத்தையும், அந்த அக்காவையும் ஒரே நாளில் இழந்தாள். அங்கே விடப்பட்ட அக்காவை யார் தேற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. தத்துக்கு நான் எதிரி இல்லை. அந்தக் குடும்பம் இல்லையென்றால் அவள் பதினெட்டு வயது வரை அந்த இல்லத்திலேயே இருந்திருப்பாள். ஆனால் பேச வந்த பிள்ளைகளை வேறு மொழி வீட்டுக்கு அனுப்பும்போது, முதல் சில மாதங்களுக்காவது அந்த மொழி பேசும் ஒருவர் வாரம் ஒருமுறை போகட்டும். இல்லத்து அக்காவோடு போனில் பேசட்டும். தில்லியில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. தமிழ்ச் சங்கம் இருக்கிறது. மலையாளிகளும் வங்காளிகளும் ஒடியாக்களும் சங்கம் வைத்திருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள், நான் வருவேன்.

வளர்ந்த பிள்ளைகளைத் தத்தெடுத்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று திருப்பி ஒப்படைப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கென நடைமுறையே விதிகளில் இருக்கிறது. அவர்களையெல்லாம் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை பொருளை உடைக்கிறது, பொய் சொல்கிறது, கட்டிப்பிடித்தால் உதறுகிறது என்றால் அது எதனால் என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், தற்கொலைக்கு முயன்றவர்கள் தத்துப் பிள்ளைகளிடையே மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தார்கள். தத்துப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விழப் போகிற சிலரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்குச் சொல்கிறேன்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாடாளுமன்றத்தில் சட்டம் மாற வேண்டியதில்லை. மூடப்பட்ட இல்லங்களின் பதிவேடுகளை மாவட்டம் மாவட்டமாகத் தேடி எடுத்து, நகல் செய்து, நிரந்தரமாகப் பாதுகாக்கும் வேலையை முதலில் தொடங்குங்கள். அது காத்திருக்க முடியாத வேலை. தமிழ்நாட்டில் சேலம், தருமபுரி, மதுரையிலிருந்து தொடங்கலாம். இரண்டு ஆண்டுக்குப் பிறகும், தத்து வந்தவரோ வளர்த்தவரோ பெற்றவரோ, எந்த வயதிலும் அழைத்துப் பேச ஓர் ஆலோசகரை ஒவ்வொரு மாவட்டத்திலும் நியமியுங்கள். அந்த ஆலோசகர் அந்த ஊர் மொழி பேசுகிறவராக இருக்கட்டும். பெற்றவள் வந்து பதிந்துவைக்கும் ஏட்டைத் திறங்கள்.

இந்த மடலின் இந்தி, ஆங்கில வடிவங்களையும், தில்லியில் இருக்கும் தத்து வந்தவர்கள், தத்தெடுத்தவர்கள் சிலரின் கையெழுத்துகளையும் உங்கள் அலுவலகத்தில் நேரில் கொண்டுவந்து கொடுக்க இருக்கிறோம். பார்த்துப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தத்து வந்த மகள் ஒருத்தி
புது தில்லி