ஒரு பக்கத்துக்கு ஒரு முகவரியே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் புடவைக் கடை நடத்தும் என் சகோதரியின் இணையத்தளத்தைக் கடந்த மாதம் பரிசோதித்தபோது, ஒரே காஞ்சிபுரம் சேலைக்கான பக்கம் ஆறு முகவரிகளில் திறப்பதைக் கண்டு திகைத்தேன். முன்னால் மூன்று 'டபிள்யூ' உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, இறுதியில் சாய்கோடு உள்ளது ஒன்று. நிறத் தெரிவும் முகநூல் விளம்பரக் குறியும் ஒட்டிக்கொண்டவை வேறு. வாடிக்கையாளருக்கு இவை ஒரே பக்கம்தான். தேடுபொறிக்கோ ஆறு தனித்தனி முகவரிகள். எதைக் காட்டுவதென்று நாம் சொல்லாவிட்டால் கூகுள் தானாகவே ஒன்றைத் தெரிவு செய்கிறது. அங்கே விளம்பரக் குறியோடு கூடிய நீண்ட முகவரியே தேடலில் வந்துகொண்டிருந்தது.

தளத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் முழுக் கட்டணத்தையும் பெற்றுக்கொண்டும் இதைக் கவனிக்கவில்லை என்பதே என் மனவருத்தம். கூகுள், யாஹூ, மைக்ரோசொப்ட் ஆகிய மூன்றும் 2009 இல் ஏற்றுக்கொண்ட, எது உரிய முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'கனொனிக்கல்' குறிச்சொல்லைப் பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே வரியாக இட்டு, தேவையற்ற முகவரிகளை 301 என்னும் நிரந்தர வழிமாற்றத்தால் உரிய முகவரிக்குத் திருப்பியிருக்கலாம். சிலர் செய்வதுபோல், எந்தப் பக்கங்களைத் தேடுபொறி வாசிக்கலாம் என்று சொல்லும் 'ரோபோட்ஸ்' கோப்பில் அவற்றைத் தடுப்பது தவறு. தடுத்த பக்கத்திலுள்ள குறிச்சொல்லைத் தேடுபொறியால் வாசிக்கவே முடியாது.

'.எல்கே' என்று முடியும் தளப் பெயருடன் '.இலங்கை' என்ற தமிழ்ப் பெயரையும் விரும்பிப் பதிவு செய்வோர், இரண்டிலும் ஒரே தளத்தைத் திறந்து வைக்காமல், ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுமாறு தளம் அமைப்பவரிடம் கேட்டு, அதை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாசகர்,
கொழும்பு 06