அல் பதீ சுவரில் தெரிபவை குண்டுத் துளைகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மொராக்கோ நாட்டு மராகேஷ் நகரப் பயணக் கட்டுரையில், அல் பதீ அரண்மனைப் படத்தின் கீழ் 'போரில் சிதைந்த மாளிகை, சுவரெங்கும் குண்டுத் துளைகள்' என்று அச்சாகியிருந்தது. இரண்டுமே தவறு.

இந்த அரண்மனையைக் கட்டுவதற்குத்தான் போர் காரணமாக இருந்தது. 1578 ஆகஸ்ட் 4 அன்று மொராக்கோவின் க்ஸார் எல் கபீர் நகருக்கு அருகே போர்ச்சுகல் மன்னர் செபாஸ்டியன் தோற்று மாண்டார். அதையடுத்து மொராக்கோ அரியணை ஏறிய சஅதி வம்சத்துச் சுல்தான் அஹ்மத் அல் மன்சூர், அதே ஆண்டு டிசம்பரில் வேலையைத் தொடங்கினார். சிறைபிடித்த போர்ச்சுகீசியப் பிரபுக்களை விடுவிக்க வந்த மீட்புப் பணம் இதற்கு உதவியது. இத்தாலியச் சலவைக்கல்லுக்கு எடைக்கு எடை சர்க்கரை கொடுத்தார்கள் என்று பழைய மொராக்கோ வரலாறு சொல்கிறது.

இதைப் பாழாக்கியதும் எதிரிப் படையல்ல. 1672 முதல் 1727 வரை ஆண்ட மொராக்கோ சுல்தான் மௌலே இஸ்மாயில், மெக்னேஸ் நகரில் தன் தலைநகரை எழுப்புவதற்காக இங்கிருந்த சலவைக்கல், மரம், ஓடு எல்லாவற்றையும் பிரித்து எடுத்துச் சென்றார். மண்சுவரைப் பெயர்த்தால் வேறெங்கும் பயன்படாது. அதனால்தான் அது மட்டும் நின்றது. நாம் இன்று பார்ப்பது உறை உரிந்த உட்சுவர்.

அந்தச் சுவரில் வரிசை பிசகாமல் ஓடும் துளைகளைக் கவனியுங்கள். குண்டு இப்படி வரிசையாகத் துளைக்காது. மண், சரளை, சுண்ணாம்பு கலந்து திமிசுக்கட்டையால் இடித்து எழுப்பிய சுவர் இது. குறுக்கே கட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் இருபுறமும் சென்ட்ரிங் போலப் பலகை நிறுத்துவார்கள். இடையே ஒரு சாணுக்கும் குறைவான கனத்தில் கலவையைக் கொட்டி இடித்து, அது இறுகிய பிறகே அடுத்த படலம் போடுவார்கள். ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக உயரம் வந்ததும் பலகையைக் கழற்றி மேலே ஏற்றுவார்கள். உருவிய கட்டையின் இடம்தான் அந்தத் துளை. கலவை கைப்பிடியில் உருண்டையாக நிற்கிற அளவே ஈரம் வேண்டும். ஈரம் மிஞ்சினால் காயும்போது சுருங்கி வெடிக்கும், குறைந்தால் பிடிக்காது.

கூரை போனதால் மழை சுவரின் தலையில் நேராக விழுகிறது. அடியில் தரையின் ஈரம் மேலேறுகிறது. இத்தகைய சுவருக்கு சிமென்ட் பூசுவதைப் போலக் கெடுதல் வேறில்லை. உள்ளே வந்த ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சுக்குப் பின்னால் உப்பாகப் பூத்து, மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புக் காரையோ, அதே மண் கலவையோதான் ஏற்றது. சுவர் உச்சிகளில் நாரைகள் கூடு கட்டி வாழ்கின்றன. அந்த அழகைக் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருந்தார்.

'வறண்ட பள்ளங்கள்' என்று அவர் குறிப்பிட்டவையும் பள்ளங்கள் அல்ல, தோட்டங்கள். முற்றம் ஏறத்தாழ 135 மீட்டருக்கு 110 மீட்டர். நடுவில் 90 மீட்டர் நீளக் குளம், அதன் இருபுறமும் தாழ்ந்த தோட்டங்கள். தரையைத் தாழ்த்தியதால் நீர் தானாக இறங்கிப் பாயும். நடைபாதையில் போகிறவருக்கு மரத்தின் தலை பக்கத்திலேயே தெரியும். மேற்கே கம்சீனிய்யா மண்டபம், கிழக்கே கண்ணாடி மண்டபம் என்று நாற்புறமும் மண்டபங்கள் இருந்தன. இந்த அமைப்பைச் சொல்லாமல் 'பிரம்மாண்டம்' என்று மட்டும் எழுதினால் வாசகருக்கு எதுவும் கிடைப்பதில்லை.

ஒரு முக்கியப் பொருளும் விடுபட்டுவிட்டது. 1137-இல் அல்மொராவித் வம்ச மன்னர் அலி இப்னு யூசுஃபின் ஆணைப்படி ஸ்பெயினின் கோர்டோபாவில் செய்யத் தொடங்கிய, மராகேஷ் குதுபிய்யா பள்ளிவாசலின் மரப் பிரசங்க மேடை இந்த வளாகத்தில்தான் காட்சிக்கு இருக்கிறது. நுண்மரவேலையில் உலகம் போற்றும் படைப்பு அது.

படக் குறிப்புக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். கூடவே அரண்மனையின் தரைப்பட வரைபடம் ஒன்றும் வந்தால், அங்கே போகிற தமிழர்களுக்கு எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று தெரியும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
திருச்சி