பர்மா கால்பந்தின் பழைய பெருமை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நம் நாட்டுக் கால்பந்து அணியை ஏளனம் செய்யும் இளைஞர்கள், 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றதும், 1970இல் அதே நகரில் தென்கொரியாவுடன் அதைப் பகிர்ந்துகொண்டதும் இந்த அணியே என்பதை அறிய வேண்டும். இடையில் 1968 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அப்போட்டிக்கு நாம் தகுதி பெறவேயில்லை. ஆயினும் பதக்கங்களைவிட நான் மதிப்பது 1972 மியூனிக் ஒலிம்பிக்கையே: சூடானை 2-0 என வீழ்த்திய நம்மவர்கள், அவ்வொலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற சோவியத் அணியிடம் ஒரே கோலில்தான் தோற்றார்கள். அத்தலைமுறை ஆட்டக்காரர்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் ஒரு தொடர் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், ரங்கூன்