துக்க வீட்டில் விலை கேட்காதீர்கள்: பழைய கார் கிளப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளப் நிர்வாகிகளுக்கும், ஷெட்டில் பழைய கார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும்,

வணக்கம். பெயர் சொன்னால் உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. முகம் பார்த்தால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பழைய கார் ஊர்வலங்களில் அப்பாவின் ஹெரால்ட் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்த பெண் நான். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கடிதத்தை அப்போதே எழுத நினைத்தேன். பேனாவை எடுத்தால் கோபம்தான் வந்தது. போன மாதம் நம் வட்டத்தில் இன்னொரு பெரியவர் காலமானார். அவர் வீட்டு வாசலில் அதே ஆட்கள் நிற்பதைப் பார்த்த பிறகு இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

அப்பா விட்டுப்போனது நான்கு வண்டிகள். இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், மோரிஸ் மைனர், ஃபியட் 1100, தாத்தா வாங்கிய அம்பாசிடர் மார்க் 1. அவற்றோடு ஒரு அறை நிறைய உதிரி பாகங்கள். இன்று ஹெரால்ட் மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது.

முதல் ஆள் பதினோராம் நாள் வந்தார். அப்பாவோடு பல வருஷம் பழகியவர், ஒரே கிளப். அம்மாவைப் பார்த்ததும் அழுதார். அந்த அழுகை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காபி குடித்துவிட்டு ஷெட் பக்கம் போனார். திரும்பி வந்து, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த என் அண்ணனைத் தனியாக அழைத்து, "தம்பி, மோரிஸை நான் எடுத்துக்கறனுங்க. செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பேப்பரும் இல்லைங்கறாங்க. அறுபதாயிரம் தர்றேன். அப்பாவுக்காகத்தான்" என்றார். அண்ணனுக்குப் பத்து நாளில் விமானம். சரி என்றுவிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மோரிஸுக்கு அடியில் அப்பா படுத்திருக்கும்போது பத்து வயதிலிருந்து டார்ச் பிடித்தவள் நான்.

எட்டு மாதம் கழித்து அப்பாவின் ஷேவிங் செட் இருந்த டப்பாவைச் சுத்தம் செய்தோம். பிளேடு பாக்கெட்டுகளுக்கு அடியில், பழைய கைக்குட்டையில் சுற்றி, ஒரு சின்ன பழுப்பு நிறத் துண்டு இருந்தது. கட்டைவிரல் நுனி அளவு, மேலே ஒரு பித்தளைத் தகடு. பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்காரும் ரோட்டார். யாரும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா அதைக் கழற்றி வைப்பார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் கழற்றி வைத்திருக்கிறார். அது இல்லாமல் எந்தப் பழைய பெட்ரோல் வண்டி ஸ்டார்ட் ஆகும்? மோரிஸுக்கு ஒரு கோளாறும் இல்லை. ஆர்.சி. புத்தகமும் அதே வாரத்தில் வருமான வரிக் காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது.

ரோட்டாரும் ஆர்.சி.யும் எங்கே இருக்கின்றன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தால் போதும், அந்த வண்டி அந்த விலைக்குப் போயிருக்காது. வாங்கியவரை மட்டும் குறை சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பா எழுதி வைக்கவில்லை. எழுதி வையுங்கள் என்று கிளப்பில் ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை.

ஃபியட்டும் அம்பாசிடரும் நின்றது வாடகை ஷெட்டில். உரிமையாளர் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். ஒரு புரோக்கர் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அம்பாசிடர் நேராகக் காயலாங்கடைக்குப் போனது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. உதிரி பாகங்களை அம்மா கிலோ கணக்கில் போட்டார். வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஒன்றிலும் பெயர் ஒட்டவில்லை. அவற்றில் ஒன்றில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எஸ்.யு. வகைக் கார்புரேட்டருக்கான ஊசிகளும் ஜெட்டுகளும் இருந்தன. அப்பா இருபது வருஷமாகத் தேடித் தேடிச் சேர்த்தவை. அம்மாவுக்கு அவை பித்தளைக் கம்பிகள். அவரை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

சட்டம் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. வண்டியின் சொந்தக்காரர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தகவல் தர வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், இன்சூரன்ஸ், ஆர்.சி. எல்லாம் கையில் இருக்க வேண்டும். நேற்று வாங்கிய காருக்கு இது ஒரு வாரத்து அலைச்சல். 1965இல் எழுதிய ஆர்.சி. புத்தகத்துக்கு அப்படி இல்லை. பழைய புத்தகங்கள் பல கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. 15 வருஷம் முடிந்து, அதற்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியதைப் பலர் விட்டிருப்பார்கள். உயிரோடு இருக்கும்போது தெரிந்த ஆளைப் பிடித்து நகர்த்திக்கொண்டிருந்த விஷயம், இறந்த பிறகு கண்ணீரோடு நிற்கும் ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிறது.

இதைச் சுலபமாக்க இரண்டு வழிகள் வந்திருக்கின்றன. 2021இலிருந்து ஆர்.சி.யில் நாமினி பெயர் சேர்க்கலாம். அதே 2021 ஜூலையில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டி என்றால் 20,000 ரூபாய் கட்டிப் பதியலாம். 10 வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். தினசரி ஓட்டத்துக்குக் கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். உங்கள் கிளப்பில் எத்தனை பேர் இந்த இரண்டில் ஒன்றையாவது செய்திருக்கிறீர்கள்? அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

பணம் இருந்தால் இதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ரீனோ நகரத்தில் பில் ஹாரா என்று ஒரு சூதாட்ட விடுதி முதலாளி இருந்தார். அவரிடம் சுமார் 1,400 கார்கள். 1978இல் இறந்தார். இரண்டு வருஷத்தில் நிறுவனம் கைமாறியது, அதோடு கார்களும் கைமாறின. வாங்கியவர்களுக்கு அவை கணக்குப் புத்தகத்தில் ஒரு சொத்து, அவ்வளவுதான். 1984 தொடங்கி வரிசையாக ஏலம் விட்டார்கள். ஊர்க்காரர்கள் போராடியதால் நூற்றுச் சொச்சம் கார்கள் தப்பி, 1989இல் அங்கே ஒரு மியூசியமாக நின்றன. மற்றவை உலகம் முழுக்கச் சிதறிப் போயின.

பிரான்சில் பையோன் குடும்பத்தின் கதையை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம். லாரி தொழில் செய்த ரோஜே பையோன் மியூசியம் கட்டும் கனவோடு 1950களிலிருந்து கார் வாங்கிச் சேர்த்தார். 1970களில் தொழில் நொடிந்தது. ஒரு பகுதியை விற்றார், மீதியை அப்படியே நிறுத்தினார். அவர் போய், மகனும் போன பிறகு, 2014இல் ஏலக்காரர்கள் அந்தப் பண்ணைக்குள் நுழைந்து பார்த்தார்கள். தகரக் கூரைக்கு அடியில் செடி கொடி ஏறிய கார்கள். மூடிய இடம் ஒன்றில் பத்திரிகைக் கட்டுகள் குவிந்து கிடந்தன, அவற்றுக்கு அடியில் ஒரு ஃபெராரி கலிஃபோர்னியா ஸ்பைடர். நடிகர் அலன் தெலோன் ஒரு காலத்தில் ஓட்டியது. 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் அது மட்டும் 1 கோடியே 60 லட்சம் யூரோவைத் தாண்டியது. செய்தியைப் படித்தவர்கள் புதையல் என்றார்கள். அந்தப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். துருவில் கரைந்து, இனி எந்த டிங்கராலும் தட்டி எடுக்க முடியாத மற்ற கார்கள்தான் என் கண்ணில் நின்றன. நாற்பது வருஷம் ஒருவரும் கவனிக்காததன் விலை அது.

நம் பக்கத்தில் நல்ல உதாரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று நிற்கிறதே, அதற்கு ஆர்டர் கொடுத்த ஆறாம் நிஜாம் வண்டி வருவதற்கு முன்பே 1911இல் இறந்துவிட்டார். பல காலம் ஓடாமல் கிடந்த வண்டிதான். பிறகு பழுது பார்த்து, இன்று ஊரே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் கோயம்புத்தூரில் அவினாசி ரோட்டில் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. ஜி.டி. நாயுடு இறந்தது 1974இல். அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை இருந்தது, அவர் குடும்பம் அதை விடாமல் நடத்தியது, 2015இல் கார்களுக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள். நம்மில் எல்லோராலும் மியூசியம் வைக்க முடியாது. மூன்று வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு நோட்டும் நம்பகமான இரண்டு ஆட்களும் போதும்.

கிளப் நிர்வாகிகளிடம் நான் கேட்பது இதுதான். ஒரு உறுப்பினர் இறந்தால், காரியம் முடிந்த வாரத்தில் கிளப் சார்பாக இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வாங்குவதற்கு இல்லை. பேட்டரியைக் கழற்றி வைக்க, டயர் தரையில் அழுந்தாமல் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்த, டேங்கில் இருக்கும் பெட்ரோலை வடிக்க. இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஆறு மாதம் நின்றால் பழைய ரப்பர் குழாய்களையும் டேங்கையும் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷெட்டில் இருப்பதையெல்லாம் போட்டோ எடுத்து, பட்டியல் போட்டு, வீட்டுக்காரம்மா கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

அப்புறம், ஆறு மாதத்துக்கு எந்த உறுப்பினரும் அந்த வீட்டு வண்டிக்கு விலை பேசக் கூடாது என்று விதி எழுதுங்கள். அதற்குப் பிறகும், வாங்கும் எண்ணமே இல்லாத இரண்டு பேர் எழுத்தில் மதிப்புப் போட்டுக் கொடுத்த பிறகுதான் பேச்சு. மீறினால் உறுப்பினர் பதவி போகும் என்றே எழுதுங்கள். கடுமையாகத் தோன்றலாம். பதினோராம் நாள் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை மேலே படித்தீர்கள்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்பது வேறு. ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். வண்டிக்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். ஆர்.சி. எந்தப் பீரோவில், எந்தத் தட்டில். சாவி எங்கே, டூப்ளிகேட் யாரிடம். என்ன கழற்றி வைத்திருக்கிறேன். எந்த மெக்கானிக் இதைக் கடைசியாகத் தொட்டார். இதற்கு நான் கொடுத்தது எவ்வளவு, இன்று நியாயமான விலை எவ்வளவு, யாருக்குக் கொடுத்தால் எனக்குச் சந்தோஷம், யாருக்கு எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதத் தயங்குவீர்கள். தயங்காமல் எழுதுங்கள்.

எழுதியதை வீட்டில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்துத்தான். "பையன் ஊரில் இல்லை, பொண்ணுக்கு என்ன தெரியும்" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். என்னிடம் கேட்டிருந்தால் மோரிஸ் ஸ்டார்ட் ஆகாததற்கு ரோட்டார்தான் காரணம் என்று நான் சொல்லியிருப்பேன். பிள்ளைகளுக்கு ஆசையே இல்லை என்றால் அதையும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கையாலேயே நல்ல இடம் பார்த்துக் கொடுக்கலாம். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

ஹெரால்ட் தப்பியதற்குக் காரணம், அதை விற்க மாட்டேன் என்று நான் ஷெட் வாசலில் நின்றதுதான். பதினான்கு மாதம் ஓடாமல் நின்றதில் என்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. வயரிங்கை எலி கடித்திருந்தது. அப்பாவிடம் சின்ன வயதில் வேலை பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்தார். ஹெரால்டில் இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்தால் பானட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் எழும்பும். அந்தக் கொக்கியை எப்படி எடுப்பது என்று அவர் யோசிப்பதற்குள் நான் எடுத்துவிட்டேன். நான்கு பிளக்கையும் கழற்றி, ஓட்டை வழியாக ஆயில் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டோம். மூன்றாம் நாள் டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினோம். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி ஆட்டினோம். ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி வண்டி ஒரு சாண் நகர்ந்தது. மெக்கானிக் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா இருந்திருந்தா திட்டியிருப்பாரு கண்ணு, இவ்வளவு நாள் நிறுத்தினதுக்கு" என்றார்.

இந்த வண்டி நம் ஊரில் பிறந்தது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை இருந்த காலத்தில் அங்கே செய்தது. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. உதிரி பாகம் வேண்டுமென்றால் இன்னொரு ஹெரால்ட் வைத்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும். அப்படி ஒருவர் இறந்து, அவர் வீட்டு அறை கிலோ கணக்கில் போகும் ஒவ்வொரு தடவையும், ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு ஹெரால்ட் நிற்கும் நாள் பக்கத்தில் வருகிறது.

என் நோட்டு தயார். நாற்பத்திரண்டு பக்கம் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் ரோட்டார் எங்கே இருக்கும் என்று எழுதியிருக்கிறேன், என் பன்னிரண்டு வயது மகளுக்கும் காட்டியிருக்கிறேன். அடுத்த ஊர்வலத்துக்கு ஹெரால்டில் வருகிறேன். நோட்டு டேஷ்போர்டு அறையில் இருக்கும். வேண்டியவர்கள் எடுத்துப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளப் விதியில் சேர்க்க வேண்டியதை ஒரு பக்கமாக எழுதிக் கொண்டுவருகிறேன், அன்றைக்கே கூட்டத்தில் படிக்க ஐந்து நிமிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஹெரால்ட்காரர் மகள்,
கோயம்புத்தூர்