வீட்டுச் செடிக்கு 24 டிகிரி: நம் கடற்கரைக்கு ஒத்துவராத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டுக்குள் வளர்க்கும் செடிகள் பற்றி வரும் குறிப்புகளில் மூன்று யோசனைகள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. அறையின் வெப்பம் 18 முதல் 24 டிகிரிக்குள் இருக்க வேண்டும், குளிர்காலத்தில் செடியைச் சன்னலை விட்டு நகர்த்த வேண்டும், இலைமீது அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பவை அவை. பனி விழும் ஊரில் ஹீட்டர் போட்டுக் குடியிருப்பவர்களுக்கு மூன்றும் சரி. புதுச்சேரியிலும் கடலூரிலும் மார்கழி, தை விடியற்காலையிலேயே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. கத்திரி வெயிலில் பகல் 38-ஐத் தாண்டும். இரவிலும் வீட்டுக்குள் 31, 32-க்குக் கீழே இறங்காது. இங்கே 24 டிகிரி வேண்டுமென்றால் ஏசி போட்டாக வேண்டும். அந்த ஏசிதான் பல வீடுகளில் செடியைக் கெடுக்கிறது.

நம் வரவேற்பறைகளில் இருப்பவை பெரும்பாலும் மணி பிளாண்ட், அக்லோனிமா, டிபன்பாக்கியா, பீஸ் லில்லி, ஆந்தூரியம், பிலோடென்ட்ரான். இவை அத்தனையும் நம் சேப்பங்கிழங்கின் குடும்பம். மரநிழலில், ஈரக்காற்றில், பகலில் 28 முதல் 30 டிகிரியும் இரவில் 22 முதல் 24 டிகிரியும் உள்ள காட்டுத் தரையில் வளர்ந்தவை. மதியம் இரண்டு மணி நேரம் 35 டிகிரி இருந்தால் இவை செத்துவிடாது. சிக்கல் இரவில்தான். வெப்பம் 10 டிகிரி ஏறினால் செடியின் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பகலில் ஒளியைக் கொண்டு சேர்த்த சர்க்கரையை இரவெல்லாம் அது எரித்துத் தீர்க்கிறது. திறந்தவெளியில் நிற்கும் செடிக்கு வரவு அதிகம் என்பதால் தாங்கும். டிவி அருகே அரையிருட்டில் நிற்கும் செடிக்கு வரவு சொற்பம், செலவோ மே மாதச் செலவு.

இந்தப் பற்றாக்குறை கண்ணுக்குத் தெரியும். கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், புது இலை பழையதைவிடச் சிறுத்து வரும், அடி இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகும். பார்த்தவுடன் உரம் போடுவதுதான் வழக்கம். அது தவறு. வளராத செடி உரத்தை எடுத்துக்கொள்ளாது. தொட்டியில் உப்பாகத் தங்கி வேரைச் சுடும். சித்திரை பாதியிலிருந்து ஆனி முடியும் வரை உரத்தை நிறுத்திவிட்டு, ஒளியைக் கூட்டுவதே வழி. கிழக்குச் சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள். காலை எட்டரை வரை விழும் வெயில் இந்தச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு நல்லதே. மேற்குச் சன்னல் மட்டும் வேண்டாம். இரண்டு மணி முதல் ஐந்தரை வரை அங்கே நேர்வெயில் படும் இலையின் வெப்பம் அறைக் காற்றைவிடப் பல டிகிரி கூடிவிடும். வேறு இடமே இல்லையென்றால் பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டலாம். அல்லது கம்பிக்கு வெளியே 50 சதவீத நிழல்வலை. வலையை வெளிப்பக்கம் கட்டினால் சூடு உள்ளே வருமுன்பே தடுபடும்.

வீட்டின் கட்டுமானமும் முக்கியம். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையில், கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பதினோரு மணிக்கும் இறக்கிக்கொண்டிருக்கும். சூடான காற்று மேலே நிற்பதால், பீரோவின் மேலும் பரணிலும் தொங்கும் மணி பிளாண்டுக்கு, தரையில் இருப்பதைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகம். கோடையில் தொங்குதொட்டிகளைத் தரைக்கு இறக்குவது செலவில்லாத வைத்தியம். புதுச்சேரியின் தமிழர் பகுதியிலுள்ள பழைய முற்றத்து வீடுகளில் குடியிருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய உயரமான மெட்ராஸ் டெரஸ் கூரை, தாழ்வாரத்தின் நிழல், முற்றத்திலிருந்து சிதறி வரும் ஒளி மூன்றும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. கலத்தியா போன்ற நோஞ்சான் செடிகூட அங்கே பிழைக்கும்.

இனி ஏசி. 2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ஆனால் 24 என்பது அறையின் சராசரிக்கான இலக்கு. கம்ப்ரஸர் ஓடும்போது பிளேடு வழியாக வரும் காற்று சுமார் 12 முதல் 15 டிகிரி. அக்லோனிமாவும் டிபன்பாக்கியாவும் 15-க்குக் கீழே போனால் அடிபடத் தொடங்கும் செடிகள். காற்று நேராகப் படும் இலையில் முதலில் பசபசப்பான கருந்திட்டு விழும், இரண்டு மூன்று நாளில் அது காய்ந்து சாம்பல் நிறமாகும். திட்டு ஒரு பக்கத்து இலைகளில் மட்டும் இருந்தால் நோய் என்று நினைத்து மருந்து வாங்க ஓடாதீர்கள். காற்று வரும் திசையைப் பாருங்கள். ஸ்பிளிட் ஏசி காற்றை முன்னே எறிவதால், அதன் நேர்கீழே இருக்கும் மூலையைவிட எதிர்ச்சுவரை ஒட்டிய இடமே பெரும்பாலும் மோசம். இலை உயரத்தில் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை நேரே மேலெழுந்தால் செடியை அங்கே வைக்கலாம். படுத்து ஓடினால் கூடாது.

குளிரைவிடப் பெரிய கேடு ஒன்றும் ஏசியில் உண்டு. வெளியே 75, 80 சதவீதம் இருக்கும் ஈரப்பதத்தை அது 50-க்கு அருகே இறக்கிவிடுகிறது. காலையில் நிறுத்தியதும் இரண்டு மணி நேரத்தில் அறை 32-க்கு ஏறி, ஈரம் மறுபடி கூடுகிறது. நாள்தோறும் இந்த ஏற்ற இறக்கத்தில் கலத்தியாவின் இலை ஓரம் கருகும், சுருண்டு வரும் புது இலை விரிய முடியாமல் ஒட்டிக்கொண்டு கிழியும். வறண்ட காற்றில் இலைச்சாற்றை உறிஞ்சும் சிவப்புச் சிலந்தி என்ற நுண்பூச்சியும் பெருகும். 30 டிகிரி அளவில் அது ஏறக்குறைய ஒரு வாரத்திலேயே ஒரு தலைமுறையை முடித்துவிடும். ஆகவே இரவு மட்டும் ஏசி ஓடும் படுக்கையறையில் செடி வேண்டாம். வைத்தே ஆக வேண்டுமென்றால் பாம்புச்செடியும் இசட் இசட் செடியும் போதும். ஏசியை 26-இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால், செடிக்கும் இதம், மின்கட்டணத்துக்கும் இதம். ஏசியின் வெளி யூனிட்டையும் மறந்துவிடக் கூடாது. அது ஊதும் காற்று வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். பால்கனியில் அதன் எதிரே வைத்த அரேகா பனை வைக்கோல் நிறமாவதற்குத் தண்ணீர்க் குறைவு காரணமல்ல.

தண்ணீர் தெளிக்கும் யோசனையைத்தான் நாங்கள் அடியோடு மறுக்கிறோம். ஈரக்காற்றில் இலைமீது விழுந்த நீர் சீக்கிரம் ஆவியாகாது, எனவே குளிர்ச்சியும் தராது. 30 டிகிரி வெப்பமும் நனைந்த இலையும் சேர்ந்தால் ஆந்தூரியத்துக்கு வரும் பாக்டீரியா கருகல் நோய்க்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. விதிவிலக்கு ஆனி, ஆடியில் அடிக்கும் மேற்குக் காற்று. அப்போது கடற்காற்று பிந்தி வரும், சில நாள் வரவே வராது, மதியக் காற்று வறண்டுவிடும். கடலூரிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி என்று உள்ளே போகப் போக இது இன்னும் கடுமை. அந்த வாரங்களில் ஓர் அகலத் தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தொட்டியின் அடி நீரில் படாமல் மேலே வைத்தால் ஓரளவு உதவும். செடிகளை நெருக்கி வைத்தாலும் பலன் உண்டு.

காற்றின் வெப்பத்தைப் பார்ப்பவர்கள் வேரின் வெப்பத்தைப் பார்ப்பதில்லை. வெயில் படும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் உள்மண் 45 டிகிரியையும் எட்டும். 38, 40-ஐத் தாண்டினாலே இந்த வகை வேர்கள் கெடத் தொடங்கும். வெயில் படும் பக்கத்து வேர் மட்டும் பழுப்பாகி இற்றுப்போவது இதனால்தான். மண் தொட்டி நல்லது. பானைத் தண்ணீர் குளிர்வது போலவே அதன் சுவர் வழியாகக் கசியும் ஈரம் மண்ணைக் குளிர்விக்கும். சுடுமண் வேலைக்குப் பெயர்பெற்ற வில்லியனூர் பக்கத்திலேயே இருக்க, பளபளக்கும் பிளாஸ்டிக்கைத் தேடிப் போவானேன்? ஒன்று கவனிக்க வேண்டும்: பெயின்ட் அடித்த மண் தொட்டியில் இந்தப் பயன் போய்விடும்.

மொட்டைமாடி டேங்க் தண்ணீர் அடுத்த ஆபத்து. சித்திரை வெயிலில் மதியம் குழாயைத் திறந்தால் கையே வைக்க முடியாது. அதையேதான் தொட்டியில் ஊற்றுகிறோம். காலை ஏழு மணிக்கு முன் ஊற்றுங்கள். இல்லையென்றால் முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வையுங்கள். மறுமுனைக்குப் போய் ஃபிரிட்ஜ் தண்ணீரையும் ஊற்ற வேண்டாம். ஆப்பிரிக்கன் வயலட் இலையில் அறையைவிடக் குளிர்ந்த நீர் பட்டால் வெளிறிய வளையங்கள் விழுந்து மறையாமலே நிற்கும். கடலோரத் தெருக்களில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதனால் கருகும் இலைநுனியை வெயில் சூடு என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். ஏசியிலிருந்து வடியும் நீரில் உப்பு இல்லை. ஒரு மணி நேரம் வைத்து, அறையின் சூட்டுக்கு வந்தபின் ஊற்றலாம்.

மதியம் இலை தொங்குகிறது என்பதற்காக உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாலை வரை பொறுங்கள். பெரும்பாலும் தானே நிமிரும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, சூடான வேருக்குத் தேவையோ அதிகம். ஈரமான மண்ணில் மேலும் ஊற்றினால் வேர் மூச்சுத்திணறி அழுகும். கோகோபீட் எனும் தென்னைநார்த் தூள் மட்டும் நிரப்பிய நாற்றங்கால் தொட்டிகளில் இது சீக்கிரம் நடக்கும். கோகோபீட் நான்கு பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல்துகள்) அல்லது உடைத்த அடுப்புக்கரி மூன்று பங்கு, மண்புழு உரம் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு என்ற கலவை எங்கள் பரிந்துரை. அதற்கு மாற்றுவதை மே, ஜூனில் செய்யாமல் தை, மாசியில் செய்ய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அறை 25 முதல் 28-க்குள் வந்துவிடும். செடிக்கு இதைவிடப் பொருத்தமான வெப்பம் ஆண்டில் வேறு கிடையாது. ஆனால் மேகமூட்டத்தில் ஒளி குறைவதால் தண்ணீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பெலனாப்சிஸ் ஆர்க்கிட் வைத்திருப்போர் அடுத்து வரும் மார்கழி, தையைத் தவறவிடக் கூடாது. 28 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை அது பூங்கொத்து விடாது. 25-ஐ ஒட்டிய சில வாரங்கள் அதற்குத் தேவை. அந்த மாதங்களில் இரவுச் சன்னலை மூடாமல் விட்டாலே போதும். சன்னலை விட்டு நகர்த்துங்கள் என்ற குறிப்பை நம்பி நகர்த்தியவர்களுக்கு இலை மட்டும்தான் மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு டிஜிட்டல் வெப்ப-ஈரமானி வாங்குங்கள். நாளின் உச்சமும் தாழ்வும் நினைவில் வைக்கும் வகையாக இருக்கட்டும். வெயிலும் சுவர்ச் சூடும் படாமல், இலை உயரத்தில், ஒரு முழுநாள் வைத்துப் பாருங்கள். இரவின் தாழ்ந்த அளவு 28-க்கு மேல் இருந்தால் செடிக்கு இடம் மாற்ற வேண்டும் என்று பொருள்.

இணைப்பை வடிவமைப்பவர்களுக்கு எங்கள் கோரிக்கை: செடிக் குறிப்புகளைச் சித்திரை, ஆடி, ஐப்பசி, தை என்று நம் பருவத்துக்கேற்பப் பிரித்து வெளியிடுங்கள். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடத்தும் வேளாண் துறையும், கிழக்குக் கடற்கரைச் சாலையோர நாற்றங்கால் உரிமையாளர்களும் ஒவ்வொரு தொட்டியிலும் விலைச்சீட்டோடு, அந்தச் செடி தாங்கும் இரவு வெப்பத்தையும் எழுதி ஒட்ட வேண்டும். பெங்களூரின் குளிர்ந்த இரவில் வளர்ந்து லாரியில் வந்திறங்கும் கலத்தியாவை, மே மாதத்தில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விற்பது நியாயமில்லை.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்ட ஆர்வலர்கள்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.