பட்டுப்புழுவில் நடக்காத மரபணுப் பெருக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டுப்புழு வளர்ப்பைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை, மல்பெரித் தோட்டம் முதல் பட்டுக்கூடு அங்காடி வரை எல்லாவற்றையும் தெளிவாக எடுத்துரைத்தது. ஆனால், புழுவின் பட்டுச் சுரப்பியில் பட்டுக்குரிய மரபணு மட்டும் தனியே பல மடங்கு பெருகுவதால்தான் அவ்வளவு பட்டு சுரக்கிறது என்று அதில் கூறப்பட்டிருந்தது சரியன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பட்டு வளர்ப்பைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் பலர் இப்பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்வதை நான் அறிவேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பட்டுச் சுரப்பி என்பது பூச்சிகளின் உமிழ்நீர்ச் சுரப்பி உருமாறி அமைந்ததே. அதன் செல்கள் பிரியாமலேயே தம் டி.என்.ஏ. முழுவதையும் மீண்டும் மீண்டும் படியெடுத்துக்கொள்கின்றன. புழுவின் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தின் முடிவில் ஒரே செல்லுக்குள் லட்சக்கணக்கான மடங்கு டி.என்.ஏ. சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதில் எல்லா மரபணுக்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் கூடுகின்றன. பட்டுப் புரதமான ஃபைப்ராயினுக்குரிய மரபணுவுக்குத் தனிச் சலுகை ஏதுமில்லை. 1972-இல் யோஷியாக்கி சுசுகி, டொனால்டு பிரவுன் முதலியோர் இம்மரபணுவை எண்ணிப் பார்த்தபோது, பட்டுச் சுரப்பியிலும் சரி, உடலின் மற்றப் பகுதிகளிலும் சரி, முழு மரபணுத் தொகுதி ஒன்றுக்கு ஒன்று முதல் மூன்று பிரதிகள் வரைதான் இருப்பதாகக் கண்டார்கள். அப்படியானால் அவ்வளவு பட்டு எங்கிருந்து வருகிறது? ஒரு மரபணுப் பிரதியிலிருந்து சுமார் பத்தாயிரம் ஆர்.என்.ஏ. நகல்கள் உருவாகின்றன, அந்நகல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு லட்சம் புரத மூலக்கூறுகளை உருவாக்குகிறது. நான்கே நாளில், ஒரு பிரதியின் கணக்கில் மட்டும் நூறு கோடி மூலக்கூறுகள்! மரபணுவைத் தனியே பெருக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை.

கட்டுரையாளர் கூறிய நிகழ்வு கற்பனையானதன்று. அது நடப்பது வேறு பூச்சிகளில். அதை முதலில் கண்டது பிரேசிலில், சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில். ரிங்கோசியாரா என்னும் ஈயின் புழுக்கள் கூட்டமாக வாழ்பவை. ஒரு கூட்டத்துப் புழுக்கள் அனைத்தும் ஒரே வேகத்தில் வளர்வதால், இன்று ஒன்றையும் நாளை மற்றொன்றையும் அறுத்துப் பார்த்து, ஒரே உயிரின் வளர்ச்சியைத் தொடர்வது போலத் தொடரலாம். க்ரோடோவால்டோ பவான், ப்ரூயர் ஆகிய இருவரும் அவ்வாறு பார்த்து 1955-இல் வெளியிட்ட முடிவு அக்காலத்தவர்க்குப் பெரும் வியப்பாக இருந்திருக்க வேண்டும். ஓர் உயிரின் எல்லாச் செல்களிலும் முழு மரபணுத் தொகுதி ஒன்றுக்குரிய டி.என்.ஏ.வின் அளவு மாறாதது என்னும் விதி அப்போதுதான் நிலைபெற்று, மரபணு டி.என்.ஏ.வால் ஆனது என்பதற்கே ஒரு சான்றாகக் காட்டப்பட்டுவந்தது. அந்த விதிக்கு நேர் எதிரான ஒன்றை, யாரும் கேள்விப்பட்டிராத ஓர் ஈயைக் கொண்டு இவர்கள் சொன்னார்கள்.

அவர்கள் கண்டதை நம் கல்லூரி மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். சாக்கடை நீரில் கிடைக்கும் சிவப்பு நிறக் கைரோனோமஸ் புழுவை உப்புக் கரைசலில் இட்டு, இரண்டு ஊசிகளால் தலையைப் பிடித்து இழுத்து, கண்ணாடி போன்ற சுரப்பியைப் பிரித்தெடுத்து, சாயமேற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் செய்முறையை அவர்கள் செய்திருப்பார்கள். அச்சுரப்பியின் செல்களில், படியெடுக்கப்பட்ட டி.என்.ஏ. இழைகள் பல ஒன்றாகச் சேர்ந்து பருத்த ராட்சதக் குரோமோசோமில் ஆங்காங்கே பட்டைகள் உப்பியிருக்கும். வழக்கமான உப்பலில் டி.என்.ஏ. இழைகள் தளர்ந்து விரிவதால், டி.என்.ஏ.வில் ஏறும் ஃபியூல்ஜன் சாயம் அங்கே வெளிறித் தெரியும். ரிங்கோசியாராவின் சில உப்பல்களிலோ சாயம் அடர்த்தியாக ஏறியது. உப்பல் வற்றிய பிறகும் அந்தப் பட்டை முன்பைவிடத் தடித்தே நின்றது. அங்கே டி.என்.ஏ. கூடியிருந்தது என்பதே அதன் பொருள். 1957-இல் பவானும் ஃபிக்கும் டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருளான தைமிடினைக் கதிரியக்க வடிவில் செலுத்தி, அவ்விடங்களில் டி.என்.ஏ. புதிதாக உருவாவதையும் காட்டினார்கள்.

காளான் வளர்ப்போருக்குத் தொல்லை தரும் சியாரிட் ஈக்களின் குடும்பத்தைச் சேர்ந்த சியாரா கோப்ரோஃபிலாவில் இதன் இயக்கம் பின்னர் நன்கு விளங்கியது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் சூசன் கெர்பியின் குழு ஆராய்ந்த, குரோமோசோமில் உள்ள இடத்தைக் கொண்டு 2/9ஏ எனப் பெயரிடப்பட்ட உப்பலில் மரபணு சுமார் 17 மடங்கு பெருகுகிறது. பொதுவாக, டி.என்.ஏ. படியெடுக்கத் தொடங்கும் புள்ளி ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் இயங்கும். மறுபடி இயங்காதவாறு செல் அதைத் தடுத்துவிடும். இங்கே அந்தத் தடை ஒரு சில இடங்களில் மட்டும் விலகி, ஒரே புள்ளி அடுத்தடுத்து இயங்குவதால், புதிய இழைகள் வெங்காயத் தோல் போல ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. மையத்தில் பிரதிகள் மிகுந்தும், இருபுறமும் விலக விலகக் குறைந்தும் காணப்படுவது இதனால்தான்.

இதற்கு நேரம் குறிப்பது எக்டைசோன் என்னும் தோலுரிப்பு ஹார்மோன். புழுக்கள் ஒரே நேரத்தில் பழுத்துக் கூடு கட்டுவதற்காக மல்பெரி இலையில் தெளிக்கப்படும் ‘சம்பூர்ணா’வும் இந்த வகையைச் சேர்ந்ததே என்பதால், பட்டு விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. சியாராவில் கூட்டுப்புழுப் பருவத்துக்குச் சற்று முன்பு எக்டைசோன் உயரும்போதுதான் பெருக்கம் தொடங்குகிறது. உரிய காலத்துக்கு முன்பே அதைச் செலுத்தினால் பெருக்கமும் முன்கூட்டியே நிகழ்கிறது.

புற்றுநோய் ஆய்வாளர்களும் இந்த ஈயைக் கவனிப்பதற்குக் காரணம் உண்டு. சிலவகை மார்பகப் புற்றுநோயில் ஹெர்-2 மரபணுவும், குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமாவில் என்-மிக் மரபணுவும் பெருகியிருப்பதைக் காண்கிறோம். அங்கே கட்டுப்பாடில்லாமல் நிகழும் பெருக்கம், ஈயின் சுரப்பியில் குறித்த செல்லில், குறித்த நாளில், குறித்த அளவோடு நின்றுவிடுகிறது. இரண்டின் இயக்கமும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆயினும் தடை எவ்வாறு விலகுகிறது என்பதை முறையாக நடக்கும் ஒன்றில் பார்ப்பது எளிது.

ஆகவே, பட்டுப்புழு பற்றிய அந்த ஒரு வாக்கியத்துக்குத் திருத்தம் வெளியிடுவதோடு, ரிங்கோசியாரா, சியாரா ஆகிய ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பற்றிக் குரோமோசோம் படங்களுடன் தனிக் கட்டுரை ஒன்றையும் அறிவியல் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்,
தருமபுரி.